ஓவசியர் ஐயா எப்ப வருவார், பிள்ளை?

திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடற்கரையை அண்டிய மணல் நிலம் என்பதால் கிடங்கின் ஓரம் சரிந்துகொண்டே இருந்தது. நான் உள்ளே இறங்கி, எங்கெங்கே பலகை கொடுத்துத் தாங்க வேண்டும் என்று மேசனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரப் பெண்ணின் தகப்பனார் குடையோடு வந்து மேட்டில் நின்று, "ஓவசியர் ஐயா எப்ப வருவார், பிள்ளை?" என்று கேட்டார். "நான்தான் ஐயா ஓவசியர்" என்றேன். அவர் தலையாட்டினார். வளவில் நின்ற செவ்விளநீர் ஒன்றை வெட்டுவித்து என் கையில் தந்து, நிழலில் நின்று குடிக்கச் சொன்னார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அது சரி பிள்ளை, ஐயா எப்ப வருவார்?" என்று மறுபடியும் கேட்டார்.

அந்தப் பெரியவர் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. கட்டட வேலைக்கு வந்த இத்தனை ஆண்டுகளில் என்னை இழிவாக நடத்தியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என்னைப் பின்னுக்கு வைத்தவர்கள் பெரும்பாலும் என்மேல் இரக்கப்பட்டவர்கள். வெயில் படுமே என்று கவலைப்பட்டவர்கள், இருட்டிவிட்டதே என்று வீட்டுக்கு அனுப்பியவர்கள், பாரம் தூக்க விடாதவர்கள். திட்டியவருக்குத் திருப்பிப் பதில் சொல்லலாம், மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதலாம். இளநீர் வெட்டித் தந்தவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு நெடுங்காலம் தெரியாமல் இருந்தது.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்பதுதான் கடதாசியில் உள்ள பதவிப் பெயர். திருகோணமலையில் முதியவர்கள் இன்றும் ஓவசியர் என்றே சொல்வார்கள். சொல்லும்போதே பின்னால் ஓர் 'ஐயா' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கந்தோர்களிலும் இதே கதைதான். ஆண் உத்தியோகத்தர் யாராக இருந்தாலும் 'சேர்', பெண் யாராக இருந்தாலும் 'மிஸ்'. இரண்டும் மரியாதைச் சொற்கள்தாம். ஆனால் அலுவலாக வருபவருக்குச் சேர் என்பவர் முடிவெடுப்பவர். மிஸ் என்பவர், சேர் எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்லக்கூடியவர். மாகாண சபைக் கந்தோர்கள் நிறைந்த இந்த நகரத்தில், கையொப்பமிடும் அதிகாரத்தோடு மேசையில் இருக்கும் பெண்ணிடமே "சேர் இல்லையா மிஸ்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்களை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட 2009ஆம் ஆண்டில், நிர்மாணத் துறை டிப்ளோமாவோடு ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். யுத்தம் முடிந்து வீதி, பாலம், பாடசாலை, வைத்தியசாலைக் கட்டடம் என்று மாவட்டமெங்கும் வேலை நடந்த காலம். ஒரே வாரத்தில் நால்வர் சேர்ந்தோம். மற்ற மூவரும் ஆண்கள். அவர்களை மறுநாளே சைட்டுகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஜன்னலோரம், மின்விசிறிக்குக் கீழே, ஒரு மேசை தந்தார்கள். "வெயிலுக்கை நிண்டு கறுத்துப் போவாய் பிள்ளை. உனக்கு நாளைக்குக் கலியாணம் காட்சி நடக்க வேணும்" என்று முகாமையாளர் சொன்னார். அதை வீட்டில் சொன்னபோது அம்மா மகிழ்ந்து போனார். நல்ல மனிதர் ஒருவரின் கீழ் வேலை கிடைத்திருக்கிறது என்று பத்திரகாளி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தார். எனக்கும் அப்போது அது குறையாகத் தோன்றவில்லை என்பதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆறு ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தேன். பில் தயாரித்தேன், அளவுகளைக் கூட்டிக் கழித்தேன், கம்பி வளைக்கும் அட்டவணை எழுதினேன். சேருவில முதல் குச்சவெளி வரை நிறுவனம் கட்டிய ஒவ்வொரு கட்டடத்தின் ஒவ்வொரு தூணும் கடதாசியில் எனக்குத் தெரியும். நேரில் பார்த்தவை மிகச் சில. பின்னால் மேற்பார்வையாளர் பதவி ஒன்று வெற்றிடமானபோது விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூவர் இருந்தார்கள். ஒருவர், "ராத்திரியில கொங்கிரீட் நடந்தா வீட்டில விடுவினமா?" என்று கேட்டார். எனக்கு முன்னும் பின்னும் உள்ளே போன ஆண்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை என்பதைப் பிறகு அவர்களிடமே விசாரித்து அறிந்தேன். முடிவு ஒரு வரியில் வந்தது: சைட் அனுபவம் காணாது. பதவி கிடைத்தவர் எனக்கு இரண்டு ஆண்டு பின்னால் சேர்ந்த தம்பி. கம்பி அட்டவணை வாசிக்க அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அன்று இரவு தூக்கமில்லாமல் கிடந்தபோதுதான் கணக்கு விளங்கியது. வெயில் படக் கூடாதென்று என்னை உள்ளே வைத்திருந்தவர்களே, வெயிலில் நிற்காத குற்றத்துக்காக என்னைக் கழித்துவிட்டார்கள். இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஆட்கள். இரண்டு தடவையும் அவர்களுக்குத் தாங்கள் அநியாயம் செய்வதாகத் தோன்றியிருக்காது.

சைட் அனுபவம் என்றால் என்ன என்பதை வெளியே உள்ளவர்களுக்கு ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். கொங்கிரீட் கலவையின் பதம் பார்க்கும் சோதனைக்கு சிலம்ப் டெஸ்ட் என்று பெயர். 300 மில்லிமீற்றர் உயரமான ஓர் இரும்புக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 தடவை கம்பியால் குத்தி, மேலே வழித்துவிட்டுக் கூம்பை நேராக உயர்த்த வேண்டும். உள்ளே இருந்த கலவை எவ்வளவு அமர்கிறது என்பதே அளவு. மேசையில் இருந்த எனக்கு அது 70, 80 என்று ஓர் இலக்கமாக மட்டும் வந்து சேரும். சைட்டில் நிற்பவருக்கோ கூம்பைத் தூக்குகிற அந்த இரண்டு மூன்று விநாடிகளில் எல்லாம் தெரிந்துவிடும். கலவை முழுதாக அமர்கிறதா, ஒரு பக்கமாக வழுக்குகிறதா, ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா, மிக்சர்க்காரன் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு வாளி தண்ணீர் கூட ஊற்றியிருக்கிறானா என்பதெல்லாம் அங்கே நின்றவரின் கண்ணுக்கு மட்டும் படிகிற அறிவு. மழை வருமா என்று கொட்டியாரக் குடாப் பக்க வானத்தைப் பார்த்து வேலையை நிறுத்துவதும், கங்கை மணலில் உப்புக் கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கும் மேசனின் முகத்தைப் படிப்பதும் அப்படித்தான். ஆறு ஆண்டுகள் எனக்கு மறுக்கப்பட்டது இந்த அறிவு. சம்பளத்தில் வந்த வித்தியாசத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. இந்த அறிவை மறுத்ததை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூட்டத்துக்குத் தேத்தண்ணி பரிமாறுவது, வாணி விழாவுக்குக் கோலம் போடுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் பெண்கள் தலையிலே விழும் என்பது எந்தக் கந்தோரிலும் உள்ளதே. அதில் நேரம் செலவழிக்க விரும்பவில்லை. மலசலகூடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். சண்டை பிடித்து, வேறு நிறுவனத்துக்கு மாறி, கடைசியில் சைட்டுக்குப் போனபோது முதல் கண்டது அதுதான்: பெண்ணுக்கென்று ஒதுங்க ஓர் இடம் இல்லை. சீமெந்து வைக்கக் கொட்டில் உண்டு, கம்பிக்குக் காவல் உண்டு, ஆண்களுக்கு மதிலோரம் உண்டு. நான் காலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். சித்திரை வெயிலில், திருகோணமலையில், பின்னேரம் ஐந்து மணி வரை. சலக்கடுப்பு வந்து ஒரு வாரம் படுத்தேன். மீண்டு வந்து கேட்டபோது, "அதுக்குத்தான் சொன்னனான், பொம்பிளையளுக்குச் சைட் சரிவராது எண்டு" என்றார் பொறுப்பாளர். நாலு தகரமும், ஒரு கதவும், ஒரு குழியும் இல்லாத குறை, என் உடம்பின் குறையாகப் பதிவாகிவிட்டது. இப்போது எனக்குக் கீழ் வரும் எந்தச் சைட்டிலும் அத்திவாரக் கயிறு கட்டுவதற்கு முன்னால் அந்தக் கூடு எழும்பும். அதுவரை மண்வெட்டி மண்ணைத் தொடாது.

கிழக்கிலே இது இன்னும் வேதனைக்குரியது என்று எனக்குப் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுடையது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மகளுக்குச் சீதனமாக வீடு எழுதப்படுகிறது. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வந்து சேருகிறான். தாயின் வளவில் ஒரு மூலை பிரித்து மகளுக்கு வீடு, அவள் மகளுக்கு இன்னொரு மூலை என்று தெருத் தெருவாகப் பெண்வழியில் வளர்ந்த ஊர்கள் இவை. ஆனால் அந்த வீட்டைக் கட்டும்போது அவளிடம் யாரும் பேசுவதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளில் பல 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு சொல்லால் ஆண்களின் பெயருக்குப் போயின. பெண்ணின் சீதன வீடு கடலோடு போனது. அதற்குப் பதிலாக வந்த வீடு புருஷனின் வீடாக வந்தது. படிவம் தயாரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டுக்கு ஒரு தலைவர், அவர் ஆண் என்பதைத் தவிர வேறு மாதிரி அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யுத்தத்துக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வடக்கு கிழக்கில் வீடுகள் கட்டப்பட்டபோது, 550,000 ரூபா கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. சொந்தக்காரரே நின்று கட்டுவிக்க வேண்டும் என்பது முறை. அந்த நாளில் மூதூர்ப் பக்கம் கணவரை இழந்த ஓர் அக்கா தன் வீட்டைக் கட்டிய விதத்தைப் பிறகு எனக்குச் சொன்னார். முதல் வாரம் மேசன் அவரிடம், "வீட்டில ஆம்பிளையள் ஆரையும் வரச் சொல்லுங்கோ, கதைக்க" என்றாராம். ஆம்பிளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வெறும் சீமெந்துப் பைகளைப் பொறுக்கி, தட்டி மடித்து, பத்துப் பத்தாகக் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். கொத்துக்கு எத்தனை பை, பூச்சுக்கு எத்தனை பை என்று மகளின் கொப்பியில் கோடு போட்டார். மூன்றாம் வாரம், மேசன் இருபது பை முடிந்தது என்றபோது, கட்டிலுக்குக் கீழிருந்து பதினாறு பையை எடுத்து முற்றத்தில் அடுக்கினார். அதற்குப் பிறகு மேசன் அவரிடமே கதைத்தார். நான் பெற்ற டிப்ளோமாவில் இப்படி ஒரு தரக் கட்டுப்பாட்டு முறை சொல்லித் தரப்படவில்லை. அந்த அக்கா இன்று ஒரு வேலைக்கு விண்ணப்பித்தால் அவருடைய அனுபவத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

தொகைமதிப்புத் திணைக்களத்தின் தொழிற்படை அறிக்கைகளில் ஆண்டுதோறும் ஒரே சித்திரம்தான் வருகிறது. இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களிலோ பத்துக்கு ஏழு பேர். பல்கலைக்கழகங்களுக்குள் போகும் மாணவரில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நடுவிலே எங்கோ இவர்கள் இறங்கிவிடுகிறார்கள். அல்லது இறக்கப்படுகிறார்கள். வேலை செய்தாலும், நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் 'ஆம்பிளைச் சம்பளம்', 'பொம்பிளைச் சம்பளம்' என்று இரண்டு கூலி இன்னமும் உண்டு. ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்ற சர்வதேச தொழில் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இலேயே ஏற்றுக்கொண்டது. கட்டடச் சைட்டில் தாச்சி தூக்கும் பெண்ணின் கூலியை எழுதும் பேனை என் கையில் இருக்கும்போது அந்த ஆண்டை நினைத்துக்கொள்வேன்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை பால் காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் நிருவாகச் செயல்களுக்கு எதிராகத்தான் போடலாம். தனியார் நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சை அறைக்குள் அது எட்டாது. அந்த அறையில்தான், "கலியாணம் எப்ப?", "பிள்ளைப் பிளான் ஏதும் இருக்கா?" என்ற கேள்விகள் வருகின்றன. 2018ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் பிரசவ விடுமுறை உண்டு. கர்ப்பம் தரித்த காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. ஆனால் அந்த 84 நாள் சம்பளத்தையும் முழுதாக முதலாளியே கொடுக்க வேண்டும். ஆறு பேரோடு தொழில் நடத்தும் ஒரு சிறு ஒப்பந்தக்காரர், மனத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே, "இந்த முறை ஒரு பெடியனை எடுப்பம்" என்று சொல்லிவிடுகிறார். செலவைப் பொதுவில் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வரும்வரை, பெண்ணுக்குத் தரப்பட்ட உரிமை அவளை உள்ளே விடாமல் இருப்பதற்கான காரணமாகவும் பயன்படும் என்றே நான் நினைக்கிறேன்.

2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆய்வுகூட முகாமையாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை, சிலருக்கு ஜோன் என்ற ஆண் பெயரோடும் சிலருக்கு ஜெனிபர் என்ற பெண் பெயரோடும், 127 விஞ்ஞானப் பேராசிரியர்களுக்குக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு சொல்லும் மாறாத விண்ணப்பத்தில் ஜோன் கூடிய திறமைசாலியாகத் தெரிந்தார்; அவருக்குச் சொன்ன சம்பளமும் கூட. ஜெனிபரைக் குறைத்து மதிப்பிட்டதில் ஆண் பேராசிரியர்களுக்கும் பெண் பேராசிரியர்களுக்கும் வேறுபாடே இருக்கவில்லை. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது நான் வேறு யாரையும் நினைக்கவில்லை. எனக்குக் கீழ் பயிற்சிக்கு வந்திருந்த கிண்ணியாப் பிள்ளையைத்தான் நினைத்தேன்.

நகரத்துக்குள் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அப்போது சிலாப், அதாவது கொங்கிரீட் தட்டு, போட்டோம். சிலாப் போடத் தொடங்கினால் இடையில் நிறுத்த முடியாது. காலையில் மிக்சர் சுழலத் தொடங்கியது இரவு ஒன்பதரை வரை சுழன்றது. கலவைப் பதிவேட்டை அந்தப் பிள்ளையிடம் கொடுத்திருந்தேன். எத்தனையாவது கலவை, எத்தனை மணி, சிலம்ப் எவ்வளவு, பலம் சோதிக்கும் கொங்கிரீட் கியூப் எடுத்ததா என்று ஒவ்வொன்றையும் முத்துப் போன்ற எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஐந்து மணி ஆனதும் நான், "நீர் இனி வெளிக்கிடும், இருட்டினால் கிண்ணியாவுக்கு பஸ் கஷ்டம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஹெல்மட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து பதிவேட்டை விரித்து, "மிஸ், நாற்பத்தி ரெண்டாவதுக்குப் பிறகு கலவை இறுகினதா? ஏன் சிலம்ப் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார். நான் பக்கத்தைப் பார்த்தேன். பாதிப் பக்கம்வரை அவருடைய எழுத்து. அதற்குக் கீழே, கோணலும் அவசரமுமாக, என்னுடைய எழுத்து. கடற்காற்று கூடியதால் கலவை விரைவாகக் காய்ந்த அந்த மாலை நேரத்தை, ஒரு சிலாப்பில் மிகவும் கற்க வேண்டிய அந்த நேரத்தை, நான் அவரிடமிருந்து எடுத்திருக்கிறேன். என் முகாமையாளரின் குரலில், அவருடைய அதே அக்கறையோடு.

பஸ் கஷ்டம் என்பது பொய்யல்ல. இருட்டிய பிறகு நகர பஸ் நிலையத்தில் தனியே நிற்கும் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பஸ் இல்லாததற்கு வாகனம்தான் மருந்து. பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது மருந்தாகாது. பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளை வேலைக்கமர்த்துவது பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும்கூட, பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக இரவில் வேலை வாங்கக் கூடாது என்றே சொல்கின்றன. விருப்பம் என்ற சொல் அங்கே நிற்கிறது. நான் அந்தப் பிள்ளையிடம் விருப்பத்தைக் கேட்கவேயில்லை.

அடுத்த சிலாப்புக்கு இரண்டு நாள் முன்னதாக அவரிடம் கேட்டேன். நிற்கிறேன் என்றார். அவருடைய வாப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "நீங்களும் கடைசி மட்டும் நிப்பீங்களா மிஸ்? அப்ப நிக்கட்டும்" என்றார். எங்களுக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை எட்டு மணிக்கே வந்து காத்திருக்கச் சொன்னேன். கடைசிக் கலவை இறங்கியபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. வைப்ரேட்டர் நின்றதும் எழுந்த அமைதியில், டோர்ச் வெளிச்சத்தில் கூம்பை உயர்த்தி, குனிந்து அளவைப் பார்த்து, பதிவேட்டின் அடி வரியில் எழுதிக் கையொப்பம் வைத்தார். அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து.

மாத முடிவில் ஓட்டோத் துண்டை எந்தச் செலவில் போடுவது என்று கணக்காளர் தம்பி கேட்டார். ஊழியர் நலன் என்று ஒரு கட்டம் இருந்தது, பலவகைச் செலவு என்று இன்னொன்று இருந்தது. மணல், சல்லி, சீமெந்து, மிக்சர் வாடகை என்று எழுதியிருந்த கொங்கிரீட் செலவில், மிக்சர் வாடகைக்கு அடுத்த வரியில் போடச் சொன்னேன்.